திரும்பி வர வழியில்லாத ஆயில்

“டர்போ போயிடுச்சுங்க, மாத்தித்தான் ஆகணும்.” டீசல் கார் வைத்திருப்பவர்களில் இந்தத் தீர்ப்பைக் கேட்காதவர்கள் குறைவு. சைலன்சரில் நீலப் புகை, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்குள் ஆயில், டிப் ஸ்டிக்கில் அளவு இறங்கிக்கொண்டே போவது. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் வேறு யோசனையே எழுவதில்லை. பழைய டர்போ கழற்றப்படும், புதிதோ ரீகண்டிஷனோ ஒன்று ஏறும், பில் நீளும். சில மாதம் கழித்து அதே புகை திரும்ப வந்தால், மாட்டிய டர்போ தரமில்லை என்று இன்னொன்று ஏறும். இப்படிக் கழற்றிப் போட்டவற்றில் உண்மையிலேயே கெட்டுப்போனவை எத்தனை இருக்கும் என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. டர்போ பற்றி நாம் பேசும்போதெல்லாம் பூஸ்ட், பிக்கப், குதிரைத்திறன் என்றே போகிறது பேச்சு. அதற்குள் ஆயில் போகும் சின்னக் குழாயைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேசுவார்கள். அந்த ஆயில் திரும்பி சம்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்கும் குழாயைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒரு டர்போ எத்தனை காலம் உழைக்கும் என்பதில் அந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆயிலில் மிதக்கும் தண்டு

டர்போவின் நடுவே ஓடுவது ஒரே ஒரு தண்டு. ஒரு முனையில் எக்ஸாஸ்ட் சுழற்றும் டர்பைன், மறுமுனையில் காற்றை அமுக்கி இன்ஜினுக்கு அனுப்பும் கம்ப்ரஸர். சின்னக் கார்களின் டர்போவில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். அந்த வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவில் தண்டைத் தாங்குவது ஆயில்தான். தண்டுக்கும் வெண்கல புஷ்ஷுக்கும் நடுவே ஒரு ஆயில் படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இன்னொரு படலம். பெரும்பாலான டர்போக்களில் புஷ்ஷும் தன் பங்குக்குத் தனியாகச் சுழலும். இன்ஜின் நின்றிருக்கும்போது கம்ப்ரஸர் பக்க ஹோஸைக் கழற்றி, விரலால் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். படலம் இல்லாத நேரத்தில் அந்த இடைவெளி கையில் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் ‘பிளே இருக்கு, டர்போ போச்சு’ என்று இதை வைத்தே தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டியது வேறு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டும்போது இறக்கைகள் கூட்டில் உரசக் கூடாது, உரசிய தடமும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் தண்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடுத்தது சீல். இன்ஜினின் முன்னும் பின்னும் இருக்கும் ரப்பர் ஆயில் சீலை மனதில் வைத்துக்கொண்டு டர்போவுக்கும் அப்படி ஒன்று இருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். டர்பைன் பக்கச் சூட்டில் ரப்பர் தாங்காது. பெட்ரோல் இன்ஜினில் டர்பைனுக்குள் வரும் எக்ஸாஸ்ட் 950 டிகிரியைத் தாண்டும், டீசலில் 800 வாக்கில். அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் வகையைச் சேர்ந்த மெல்லிய உலோக வளையம். அதன் வாயில் ஒரு சின்ன இடைவெளி எப்போதும் இருக்கும். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுக்கும் வேலையை அதனிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. வெளியே டர்பைன் கூட்டிலும் கம்ப்ரஸர் கூட்டிலும் இருக்கும் அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகம். பேரிங்கைத் தாண்டிய ஆயில் உடனுக்குடன் கீழே விழுந்துவிடும். இந்த இரண்டையும் நம்பித்தான் அந்த வளையம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. தண்டும் புஷ்ஷும் இருக்கும் நடுக்கூட்டில் ஆயில் முழுதாக நிரம்பி நின்றால் எந்தப் புது டர்போவும் ஒழுகும். பெட்டியைப் பிரித்து அப்போதுதான் எடுத்து மாட்டியதாக இருந்தாலும் ஒழுகும்.

கீழே விழுவதற்கு உதவி எதுவும் கிடையாது என்பதுதான் முக்கியம். போகும் ஆயிலுக்கு ஆயில் பம்ப்பின் பிரஷர் இருக்கிறது. பேரிங்கைத் தாண்டியதும் அந்தப் பிரஷர் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. சுற்றும் தண்டு அதை அடித்துக் காற்றோடு கலந்து நுரையாக்கி வெளியே தள்ளுகிறது. ஆற்றிய டீயின் மேல் நிற்குமே, அந்த நுரையின் பதத்தில் இருக்கும். போன அளவைவிடக் கனஅளவில் பல மடங்கு. அது தன் எடையால் மட்டுமே இறங்கி சம்பைச் சேர வேண்டும். போகும் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லிதாகவும் திரும்பும் குழாய் கட்டைவிரல் பருமனிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சித்தப்பாவின் கார்

இதெல்லாம் ஏட்டளவில் எனக்குத் தெரிந்தே இருந்தது. கண்ணெதிரே பார்த்தது சித்தப்பாவின் டீசல் காரில். கிளட்ச் வேலை முடிந்து வந்த சில வாரத்தில் நீலப் புகை ஆரம்பித்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் டர்போ என்றார்கள், நாற்பதாயிரத்துக்கு மேல் செலவழித்து மாற்றினார். கொஞ்ச நாள் சும்மா இருந்தது, மறுபடி அதே புகை. இந்த முறை ‘டர்போவோட சேர்த்து இன்ஜினையும் ஒரு தடவை திறந்து பாத்துடலாம் சார்’ என்றார்கள். சித்தப்பா ஓய்வூதியக்காரர். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு மேஸ்திரியிடம் போனேன். லாரி இன்ஜின், டிராக்டர் இன்ஜின் என்று முப்பது வருஷத்துக்கு மேல் கை அழுக்கானவர். பானட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்ட கேள்விதான் எனக்கு இன்றுவரை பாடம்.

“தம்பி, புகை எப்ப வருதுங்க? ஓட்டறப்பவா, நின்னுட்டு இருக்கறப்பவா?”

“சிக்னல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுக் கிளம்பினா குபுகுபுன்னு வருதுங்கண்ணா. பைபாஸ்ல போறப்ப இல்லீங்க.”

“அப்பறம் என்னங்க, டர்போ மேல எதுக்குப் பழி?”

காரணம் பிறகுதான் விளங்கியது. ஓடும்போது டர்பைன் பக்கமும் கம்ப்ரஸர் பக்கமும் அழுத்தம் ஏறி ஆயிலை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. நின்றுகொண்டு ஐட்லிங்கில் இருக்கும்போது அந்தத் தாங்கல் இல்லை. அப்போது நடுக்கூட்டில் ஆயில் தேங்கியிருந்தால் வளையத்தின் இடைவெளி வழியாக நிதானமாகக் கசிந்து எக்ஸாஸ்டில் சேரும். கிளம்பும்போது சூடு ஏறியதும் சேர்ந்தது மொத்தமும் எரிந்து புகையாக வரும். புஷ் தேய்ந்து போன டர்போவாக இருந்தால் பைபாஸிலும் புகைத்திருக்கும், கூடவே ஊளைச் சத்தமும் கேட்டிருக்கும்.

முதலில் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி வாயின் மேல் சும்மா வைத்துப் பார்த்தார். பேக் கம்ப்ரஷன் இருந்தால் மூடி துள்ளும், புஸ்புஸ் என்று புகை அடிக்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் அழுத்தத்தை ஏற்றிவிட்டால், டர்போவிலிருந்து இறங்க வேண்டிய ஆயிலை அதுவே கீழிருந்து தடுத்து நிறுத்திவிடும். அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தாலும் இதே கதைதான். இந்தக் காரில் மூடி அமைதியாகக் கிடந்தது. பிரீதரையும் கழற்றி ஊதிப் பார்த்தார், சுத்தம்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டியை ராம்ப்பில் ஏற்றினார். டர்போவின் அடியில் ஃபிளாஞ்சோடு (போல்ட்டால் முடுக்கும் தட்டோடு) சேர்த்து ரிட்டர்ன் ஹோஸை முழுதாகக் கழற்றி ஓரமாக வைத்தார். சம்ப் பக்கத்து வாயை ஒரு ரப்பர் கார்க்கால் அடைத்தார். டர்போவின் அடியில் தன்னிடமிருந்த ஒரு ஃபிளாஞ்சையும் பெரிய விட்டமுள்ள ஹோஸையும் மாட்டி, வளைவே இல்லாமல் நேராகக் கீழே இறக்கி, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனுக்குள் விட்டார். சம்பில் அளவு குறைந்துவிடக் கூடாது என்று ஒரு ஆளை நிறுத்திப் புது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டார். கேனுக்குள் ஆயில் பழுப்பு நுரையாக, இடைவிடாமல், ஆனால் பிரஷர் எதுவும் இல்லாமல் தளர்வாக விழுந்துகொண்டிருந்தது. புகை உடனே நிற்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. “சைலன்சருக்குள்ள தேங்கினது எரிஞ்சு தீரணுமுங்க, பொறுங்க” என்றார். அவ்வப்போது ஆக்சிலேட்டரை அழுத்தி எரியவிட்டார். புகை மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் ஐட்லிங்கில் அப்படியே விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. சித்தப்பா சைலன்சருக்குப் பின்னால் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தார். அதே டர்போ, அதே ஆயில், அதே பிரஷர். மாறியது இறங்கும் வழி ஒன்றுதான்.

கழற்றி வைத்ததை அப்புறம் பார்த்தோம். ஃபிளாஞ்சுக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய தகட்டு கேஸ்கெட் இல்லை. அதற்குப் பதிலாக சிலிகான் பேஸ்டைத் தாராளமாகத் தடவி முடுக்கியிருந்தார்கள். வெளியே பிதுங்கியது பார்வைக்குத் தெரிந்தது. உள்ளே பிதுங்கியது ஓட்டையைச் சுற்றி ஒரு சதை வளையமாக இறுகிப்போயிருந்தது, வழியில் பாதிகூட மிச்சமில்லை. ஹோஸும் கம்பெனி ஹோஸ் இல்லை. கடையில் கிடைத்த நேர் ஹோஸை வளைத்து மாட்டியதில், இன்ஜின் மவுண்டிங் பக்கம் தட்டையாக அமுங்கி, அதற்குக் கீழே தொய்ந்து ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் ஆயில் நிரந்தரமாக நின்றிருக்கிறது. கேஸ்கெட், ஹோஸ், இரண்டு கிளிப். சித்தப்பா இதற்குக் கொடுத்த தொகையை முதல் பில்லோடு ஒப்பிட்டுப் பேசவே எனக்கு மனமில்லை. பேஸ்ட் விஷயத்தில் மட்டும் அன்றிலிருந்து நான் விட்டுக்கொடுப்பதில்லை. டர்போவின் ஆயில் இணைப்பு எதிலும் சிலிகான் பேஸ்ட் படக் கூடாது. ரிட்டர்னில் அது வழியை அடைக்கும். போகும் பக்கத்தில் அதன் ஒரு துணுக்குப் பிய்ந்து போனாலே பேரிங்கின் ஓட்டையை மூடப் போதும்.

புதிதாகப் போடும்போது

சித்தப்பா காருக்குப் பிறகு நண்பன் ஒருவனின் டிராக் காரில் கை வைக்கும் வாய்ப்பு வந்தது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே அவன் வைத்திருக்கும் பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் கார். ரோட்டில் ஓட்டும் வண்டியில் இப்படி டர்போ ஏற்ற ஆர்.டி.ஓ. அனுமதி கிடைக்காது, அதை யாரும் முயலவும் வேண்டாம். கம்பெனியிலிருந்து டர்போ இல்லாமல் வந்த இன்ஜினில் ஆயில் போவதற்கும் வருவதற்கும் இடமே கிடையாது, இரண்டையும் நாமே உண்டாக்க வேண்டும். அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்தது.

போகும் வழி சுலபம். பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடம் ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான ஆயில் கிடைக்கும் இடம். அந்த சுவிட்சைக் கழற்றி ‘T’ வடிவ இணைப்பான ஒரு டீ போட்டு, ஒரு வாயில் சுவிட்சையும் மறுவாயில் டர்போ லைனையும் மாட்டலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானிய இன்ஜின்களில் இந்த திரெட் பெரும்பாலும் கால் அங்குலத்தில் பாதி, பி.எஸ்.பி.டி. வகை, ஒரு அங்குலத்துக்கு 28 திரெட். கடையில் சுலபமாகக் கிடைக்கும் அமெரிக்க அடாப்டர்கள் என்.பி.டி. வகை, அங்குலத்துக்கு 27. விட்டம் கிட்டத்தட்ட ஒன்று. கையால் திருகினால் முதல் இரண்டு மூன்று திரெட் அழகாக ஏறும், அப்புறம் இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பிளாக்கில் இருக்கும் திரெட் சிதையும், சில சமயம் அந்த வாயே விரியும். நண்பன் வாங்கி வைத்திருந்த டீ அந்த வகைதான். திரெட் கேஜை வைத்துப் பார்த்தோம், பற்கள் பொருந்தவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழக்கமான லேத் பட்டறையில் ஸ்டீலில் சரியான டீ கடைந்து வாங்கினோம். பித்தளை டீயில் நீளமான சுவிட்சும் லைனும் தொங்கினால் இன்ஜின் அதிர்வில் கழுத்தில் வெடிப்பு விழும், அதனால் ஸ்டீல்.

லைனின் அளவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ஜர்னல் பேரிங் டர்போவுக்கு ஏஎன்-4 அளவு போதும், அதாவது சுமார் கால் அங்குலம். ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சிறு ஓட்டையுள்ள ரெஸ்ட்ரிக்டர் எதுவும் தனியாகப் பொதுவாகத் தேவைப்படாது. தண்டை உருளும் குண்டுகள் தாங்கும் பால் பேரிங் டர்போ என்றால் விஷயம் தலைகீழ். அதற்குக் கொஞ்சம் ஆயிலே போதும், கூடுதலாகப் போனால் ஒழுகும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஓட்டையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட்டு, இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது டர்போவின் வாயில் 40 முதல் 45 பிஎஸ்ஐ நிற்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனத்தின் வழிகாட்டி. பால் பேரிங்குக்குச் சொன்னதைக் கேட்டு ஜர்னல் பேரிங் டர்போவில் ஒரு மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டரைச் செருகுகிறவர்கள் உண்டு. புகை நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படுவார்கள். வரும் ஆயிலே குறைந்துபோனதால் அடைபட்ட ரிட்டர்ன் சமாளித்துக்கொள்கிறது, புஷ் அங்கே பட்டினி கிடக்கிறது.

குழாய்க்கு ஸ்டீல் பின்னல் போட்ட பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஹோஸ் எடுத்தோம். வெளியே அதே ஸ்டீல் பின்னல், உள்ளே சாதா ரப்பர் என்று விலை குறைவாகக் கிடைப்பதும் உண்டு. இன்ஜினின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் அந்த ரப்பர் வெந்து, உள்சுவர் செதிலாகப் பிரிந்து, செதில் நேரே பேரிங்குக்குப் போகும். செப்புக் குழாய் வளைக்க வசதி, பார்க்கவும் அழகு, ஆனால் அதிர்வில் இறுகி வெடிக்கும். ஆயில் லைன் வெடித்து, சூட்டில் சிவந்து நிற்கும் மேனிஃபோல்டின் மேல் ஆயில் அடித்தால் வண்டி எரியும். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

கம்பெனியே போடும் லைனிலும் கவனிக்க வேண்டிய இடம் உண்டு. ஐரோப்பாவில் ஃபோர்டும் பெஜோவும் சேர்ந்து பயன்படுத்திய 1.6 லிட்டர் டீசல் இன்ஜினில், டர்போவுக்கு ஆயில் போகும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு மெல்லிய வலை ஃபில்டர் இருந்தது. கரி படிந்து அந்த வலை அடைத்து, மாற்றிய புது டர்போக்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அந்த இன்ஜினில் டர்போ மாற்றும்போது லைனையும் போல்ட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். மாற்றிய பிறகு ஐட்லிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, ரிட்டர்ன் ஆயிலைப் பாத்திரத்தில் பிடித்துக் குறைந்தது 0.3 லிட்டர் வருகிறதா என்று அளந்து பார்ப்பதும் உண்டு. நம் மேஸ்திரி கேனில் பிடித்துப் பார்த்ததன் அளவு போட்ட வடிவம் அது. எந்த வண்டியிலும் இந்தச் சோதனைக்கு ஒரு கேனும் ஒரு ஹோஸும் போதும் என்னும்போது, டர்போவைக் கழற்றுவதற்கு முன்னால் ஏன் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

முதல் ஸ்டார்ட் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லைனில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாத நிலையில் நேராக ஸ்டார்ட் செய்தால் ஆயில் வந்து சேரும் முன்பே தண்டு பல ஆயிரம் சுற்றில் இருக்கும். டர்போவின் ஆயில் வாயில் புது ஆயிலை ஊற்றி, விரலால் தண்டைச் சுற்றிவிட்டு, லைனை மாட்டி, இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் விட வேண்டும். ஓடி முடித்து நிறுத்தும்போதும் அதேதான். டிராக்கில் அடித்துவிட்டு வந்த சூட்டோடு சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்பைன் கூட்டின் சூடு நடுவுக்கு ஏறி, நின்ற ஆயில் கரியாகும். தண்ணீர் ஓடும் நடுக்கூடு உள்ள டர்போவில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

சம்பில் ஒரு ஓட்டை

ரிட்டர்னுக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். சம்பை வண்டியிலேயே வைத்து, டிரில் முனையில் கிரீஸ் தடவி ஓட்டை போட்டுவிடலாம், துருவல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். அந்தத் துருவலில் ஒன்று தப்பினால் அது முதலில் போய்ச் சேரும் இடம் ஆயில் பம்ப். சம்பைக் கழற்றினோம். டிப் ஸ்டிக்கின் மேல் குறி எங்கே நிற்கிறது என்பதை அளந்து சம்பின் வெளிப்பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். ரிட்டர்ன் வாய் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வர வேண்டும். கோட்டுக்குக் கீழே போட்டால் ஆயில் ஆயிலுக்குள்ளேயே இறங்க வேண்டியிருக்கும், நுரை உள்ளே போகாமல் குழாயிலேயே நிற்கும். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போட்டாலும் டிராக்கில் போதாது. வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஏறி அந்த வாயை மூடிவிடும். அதனால் கேஸ்கெட் விளிம்பை ஒட்டி, எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே இடம் பார்த்தோம். கிராங்க் சுற்றும் திசையையும் கணக்கில் எடுக்க வேண்டும், அது வாரி அடிக்கும் ஆயில் நேராக அந்த வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தால் உள்ளிருந்து வரும் ஆயிலுக்கு வழி ஏது? ஸ்டீல் சம்ப் என்பதால் ஏஎன்-10 அளவில் ஹோஸ் மாட்டுவதற்கான ஒரு ‘பங்’ (குழல் வாய்) கடைந்து வெல்டிங் வைத்தோம். மண்ணெண்ணெய் ஊற்றி, வெல்டிங்கின் வெளிப்பக்கம் சாக்பீஸ் பூசி, ஒரு ராத்திரி அப்படியே விட்டோம். ஈரம் பூக்கவில்லை.

மேலே டர்போவின் பக்கமும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுக்கூட்டின் ரிட்டர்ன் வாய் நேராகக் கீழே பார்ப்பது உத்தமம். வழியில்லாமல் திருப்ப வேண்டி வந்தாலும் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அங்கிருந்து சம்ப்வரை குழாய் எந்த இடத்திலும் மேலே ஏறக் கூடாது, படுத்துக்கொள்ளக் கூடாது, தொய்ந்து குழி விழக் கூடாது. தொண்ணூறு டிகிரி எல்போக்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும். ரேடியேட்டருக்குப் போடும் சாதாரண சிலிகான் ஹோஸை இங்கே போடக் கூடாது. அது ஆயிலில் ஊறி வியர்க்கும்.

இந்த இடத்தில்தான் நண்பனுக்கும் எனக்கும் வாக்குவாதம் ஆனது. அவன் ஏற்கனவே செய்து வைத்திருந்த மேனிஃபோல்டில் டர்போ ரொம்பத் தாழ்வாக உட்கார்ந்தது. ரிட்டர்ன் வாய்க்கும் சம்பில் வைத்த பங்கின் வாய்க்கும் இரண்டு விரற்கடை உயரம்தான் வித்தியாசம், ஹோஸ் ஏறக்குறையப் படுத்துக்கிடந்தது. ஒரு எலக்ட்ரிக் ஸ்கேவெஞ்ச் பம்ப் வாங்கிப் போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றான். டர்போவை வண்டியின் பின்பக்கம் கொண்டுபோய் வைப்பவர்களுக்கு அதைத் தவிர வழியில்லை, அவர்கள் போடுகிறார்கள், ஓடுகிறது. ஆனால் சூடான நுரையை ஓயாமல் இழுக்கும் ஒரு மோட்டார், அதற்கு ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், ஒரு கனெக்டர். இதில் எது நின்றாலும் அடுத்த நிமிடம் நடுக்கூடு நிரம்பும். நின்றதை ஓட்டுகிறவனுக்குச் சொல்ல, புகையைத் தவிர வேறு எதுவும் இல்லை. புவியீர்ப்பு எந்த ஃபியூஸையும் நம்பி இருப்பதில்லை. டர்போவை மேலே தூக்க இடம் இருக்கும்போது பம்ப் எதற்கு? பானட் இடிக்கும் என்றான். அளந்து பார்த்தோம், கம்ப்ரஸர் கூட்டைக் கொஞ்சம் திருப்பினால் இடிக்காது. ஏர் இன்டேக் குழாயை மட்டும் புதிதாக வளைக்க வேண்டும். இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் மூன்றாம் நாள் மேனிஃபோல்டை எடுத்துக்கொண்டு வந்தான். ஃபிளாஞ்சை அறுத்து, நடுவில் பைப் சேர்த்து, டர்போ ஒரு சாண் மேலே ஏறும்படி குறித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது அது வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. அது வந்ததும் ரிட்டர்ன் ஹோஸை மறுபடி அளந்து வெட்ட வேண்டும். வாங்கி வைத்திருப்பது நீளம் போதாது.